ஷஅபானிலேயே கேட்க வேண்டிய கேள்வி

ரமழான் நெருங்கும்போது மதரஸா ஆசிரியர்களாகிய நம்மிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை நோயாளிகளைப் பற்றியவை. ஆனால் நோயாளிகள் அவற்றைக் கேட்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகளே வந்து கேட்கிறார்கள். "ஹஜ்ரத், அத்தாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தா கேட்கவே மாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்." சென்ற ஆண்டு ஒரு மகள் இப்படிச் சொல்லிவிட்டுக் கண்கலங்கி நின்றார். இவ்வாறு வருவோர் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

மருத்துவர் சொல்லிக் கேட்காதவர் ஆலிம் சொன்னால் ஏன் கேட்கிறார்? இதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. மருத்துவரின் பார்வையில் நோன்பு என்பது உணவும் நீரும் இல்லாத ஏறத்தாழ 13 மணி நேரம். அந்தப் பெரியவருக்கோ அது ஏழு வயதில் அவருடைய உம்மா சஹருக்கு எழுப்பிப் பழக்கிய வணக்கம். பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி, தராவீஹ், லைலத்துல் கத்ரின் விழிப்பு எல்லாம் அதனுடன் பின்னிக் கிடக்கின்றன. வீட்டில் பேரப்பிள்ளைகள் கூட நோன்பிருக்க, தாம் மட்டும் நண்பகலில் தட்டின் முன் அமர்வதை அவரால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை. "கூடாது" என்று மருத்துவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அவர் தலையசைத்துவிட்டு வருவார். வீட்டிற்கு வந்ததும் நிய்யத் வைத்துக்கொள்வார். அடுத்த முறை மருத்துவரிடம் நோன்பைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஆபத்து இந்த மௌனத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவருக்குத் தெரியாமல் நோன்பு நோற்பவர் மாத்திரைகளையும் தாமே மாற்றியமைத்துக்கொள்கிறார். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் சேர்த்து சஹரில் விழுங்குவோர் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். மாத்திரைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. மெட்ஃபார்மின் தனித்து உட்கொள்ளப்படும்போது சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவையும் இன்சுலினும் வெறும் வயிற்றிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அஸருக்குப் பின் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் அதை நோன்பின் களைப்பு என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். "இன்னும் அரைமணி நேரந்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அன்புடன் சொல்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் நினைவிழப்பு வரைக்கும் போய்விடக் கூடும்.

இப்பிடிவாதத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. இது அல்லாஹ்வின் மீதுள்ள அச்சமும் அன்பும் ஆகும். அதற்கு மார்க்கத்தின் மொழியில்தான் விடை சொல்ல வேண்டும். விடை தொலைவிலும் இல்லை. சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில், நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்லாஹ் சொல்லிவிடுகிறான். நமக்கு எளிதையே நாடுவதாகவும் சிரமத்தை நாடவில்லை என்றும் அறிவிக்கிறான். கட்டளையை இறைவனுடையதாகவும் சலுகையைத் தம் பலவீனமாகவும் கருதுகிறவர் அவ்வசனங்களில் பாதியைத்தான் ஏற்றிருக்கிறார்.

"எல்லாரும் நோன்பாளிகளாக இருக்க நான் மட்டுமா?" என்ற வெட்கத்திற்கும் சீராவில் மருந்து உண்டு. மக்கா வெற்றியின் ஆண்டில், ஹிஜ்ரி 8ல், நபி (ஸல்) அவர்கள் ரமழானில் பயணம் புறப்பட்டார்கள். குராவுல் கமீம் என்னுமிடத்தில், நோன்பு மக்களுக்குக் கடினமாகிவிட்டது என்றும், நபியவர்கள் என்ன செய்கிறார்கள் என்றே அனைவரும் பார்த்திருக்கிறார்கள் என்றும் தெரிவிக்கப்பட்டது. அவர்கள் அஸருக்குப் பின் ஒரு பாத்திரத்தில் நீர் வரவழைத்து, எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்துப் பருகினார்கள். அதன் பிறகும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்விப்பட்டபோது, அவர்கள் மாறு செய்தவர்கள் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. மறைவாகப் பருகியிருக்கலாமே! மக்கள் கண்முன் பருகியதை நாம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் விரிவாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் மற்றொரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அது நம் போன்ற ஆசிரியர்களை நடுங்க வைப்பது. பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலை பிளந்துவிட்டது. பிறகு குளிப்புக் கடமையானபோது, தமக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, அவரைக் கொன்றது அவர்களே என்று நபி (ஸல்) அவர்கள் வருந்திக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்கலாகாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றார்கள். உடலைப் பற்றித் தெரியாமல் உடலுக்குத் தீர்ப்புச் சொல்வது எத்தகைய குற்றம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே, சர்க்கரை நோயாளிக்கு "தாராளமாக வையுங்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மிம்பரிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கருஞ்சீரகம் உண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகளும் இவ்வகைதான்.

பழைய ஃபிக்ஹு நூல்களில், நோயாளி நோன்பை விடுவதற்கு முஸ்லிமான, தேர்ச்சி பெற்ற மருத்துவரின் சொல் வேண்டும் என்றொரு நிபந்தனையைக் காண்கிறோம். நோன்பின் மதிப்பை அறியாதவர் அற்பக் காரணத்திற்காக அதை விடச் சொல்லிவிடலாம் என்ற அச்சமே அதன் பின்னணி. நம்பகமான மருத்துவர் எச்சமயத்தவராயினும் அவர் சொல்லை ஏற்கலாம் என்று இக்கால அறிஞர் பலர் தெளிவுபடுத்தியுள்ளனர். எனினும் அப்பழைய நிபந்தனை ஒன்றைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தது. நோயாளி தம் நோன்பின் அருமையை உணர்ந்தவரின் சொல்லைத்தான் நம்புவார். "நோன்பு உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். எப்படி வைக்கலாம், வைக்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்போம்" என்று பேச்சைத் தொடங்கும் முஸ்லிமல்லாத மருத்துவர்களிடம் நம்மவர்கள் எதையும் மறைப்பதில்லை.

சர்க்கரை உள்ள எல்லாரும் நோன்பை விட வேண்டியதில்லை. உணவுக் கட்டுப்பாட்டிலேயே நோயை அடக்கி வைத்திருப்பவர் வேறு. நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பழுதுற்றவர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர் வேறு. முன்னவர் பெரும்பாலும் மருத்துவ ஆலோசனையுடன் நோற்க இயலும். அவரும் பகலில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விரலில் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சிக் கருவியைப் பூட்டி வைப்பவர்கள் கவனிக்கட்டும்: பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்துக்காக அல்லாத ஊசியும் நோன்பை முறிக்கா என்று ஜித்தாவில் 1997ல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்திருக்கிறது. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் அப்படித்தான்.

விட்ட நோன்புக்கு என்ன செய்வது? குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்வார். நோற்கும் ஆற்றல் இனித் திரும்பாது என்ற நிலையில் உள்ளவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவாகப் பித்யா கொடுப்பார். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் அரை ஸாவு கோதுமை அல்லது அதன் விலை. நபியவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களே முதுமையில் நோன்பை விட்டு, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்ததாகப் புகாரியில் காண்கிறோம். அந்த மகளின் அத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அனஸ் நாயகமே விட்டார்களா?" என்று இருமுறை கேட்டார். முப்பது நாளும் தம் கையாலேயே உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலும் தமக்கு நிறைவு வரவில்லை என்று பெருநாளன்று நம்மிடம் சொன்னார். அந்த ஏக்கத்தைப் போக்கும் சொல் நம்மிடம் இல்லை.

இவையெல்லாம் ரமழானின் முதல் சஹரில் பேசி முடிக்கக் கூடியவை அல்ல. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிச் சோதித்துப் பார்க்க மருத்துவருக்குச் சில வாரங்கள் தேவை. எனவே ஷஅபானிலேயே, ரஜபில் முடிந்தால் இன்னும் நன்று, சர்க்கரை அளவுச் சீட்டையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நோன்பு வைக்க விரும்புவதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கி, உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடமும் காட்டுங்கள். பிள்ளைகளை அனுப்பாமல் நீங்களே வாருங்கள்.