மன்றோவும் நம்ம ஊர் இனிஷியலும்

நாலு நாளாகப் போடியில் சாரல். மூட்டுவலி வேறு, வெளியே போக முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஒண்ணாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். "என் பேரைப் போடாதீங்க டீச்சர், மத்ததெல்லாம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டான். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பினான். குன்றின் உச்சியில் வளைவு வளைவாக ஒரு கல் கட்டடம், பாழடைந்த கோட்டை வாசல் மாதிரி. கீழே எழுதியிருந்தான்: "டீச்சர், இது நம்ம நாகப்பட்டினம்!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் உண்மைதான். ஃபைரிஷ் என்ற அந்தக் குன்றில் 1782-ல் சர் ஹெக்டர் மன்றோ கட்டியது. 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் இவர். அந்த ஊர் வாசலை நினைத்துச் சொந்த ஊர்க் குன்றில் ஒன்று எழுப்பிவிட்டார். பஞ்சத்தில் கிடந்த ஊர் ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று ராத்திரியில் கல்லை உருட்டிவிட்டு, காலையில் மறுபடி ஏற்றச் சொன்னார் என்றும் அங்கே ஒரு கதை உண்டு. நாகப்பட்டினத்தைப் பிடித்ததற்கு முந்தின வருஷம், 1780-ல், இதே ஆள்தான் ஹைதர் அலிக்குப் பயந்து காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். அதற்கு எந்தக் குன்றிலும் ஞாபகச் சின்னம் இருப்பதாகத் தெரியவில்லை!

மன்றோ என்றதும் சென்னைத் தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலைதான் உங்களுக்கு நினைவு வரும். அவர் தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னர். ரயத்துவாரி என்று நான் போர்டில் எழுதிப் போட்டு உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அவரேதான். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. கொல்லம் பக்கம் மன்றோ துருத்து அவர் பெயரால் வந்தது. நம் தலைக்கு மேலே இருக்கும் மலைக்கும் ஒரு மன்றோ உண்டு. ஜான் டேனியல் மன்றோ, திருவிதாங்கூர் ஏலமலைகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1877-ல் பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். பின்னால் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சீமைக்குப் போனதெல்லாம் அந்தக் கையெழுத்தில் ஆரம்பித்த கதைதான்.

ஒரே பெயரில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் ரெண்டு வருஷ ஆசிரியப் பயிற்சி முடித்தவள், ஆராய்ச்சிக்காரி இல்லை. ஆனால் பையன் அனுப்பியதையும் நானாகத் தேடியதையும் கொஞ்சம் படித்தேன்.

மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வட பகுதியில் ஒரு குலத்தின் பெயர். ஃபௌலிஸ் என்ற கோட்டை அவர்கள் தலைவனின் இருப்பிடம். கேலிக் மொழியில் அந்தப் பெயருக்கு 'ரோவிலிருந்து வந்தவன்' என்று பொருள் சொல்கிறார்கள். அயர்லாந்தில் ரோ என்று ஒரு ஆறு இருக்கிறது. அங்கிருந்து 11-ம் நூற்றாண்டில் டொனால்டு என்ற மூதாதை வந்தான் என்பது குலத்துக் கதை. எழுத்தில் திடமாகத் தெரிவது 14-ம் நூற்றாண்டிலிருந்துதான். ஆக, நம்மைப் போடிக்காரர், தேவாரத்துக்காரர் என்று சொல்வது மாதிரிதான் அந்தப் பெயரும்! கோடையில் ராஜா கேட்டால் ஒரு பனி உருண்டை கொடுக்க வேண்டும், அதுதான் ஃபௌலிஸ் நிலத்துக்கு வாடகை என்றும் ஒரு வேடிக்கையான பரம்பரைப் பேச்சு உண்டு.

நம் ஊர்ப் பெயரும் ஒரு ஆளின் பெயர்தானே? போடி பாளையக்காரர்களின் முன்னோர் 1336-ல் ஆந்திராவின் கூத்தியிலிருந்து இங்கே வந்ததாக ஜமீன் குடும்பத்து வழக்கு. தாமஸ் மன்றோ 1827-ல் காலராவில் இறந்தபோது முதலில் புதைத்ததும் அதே கூத்தியில்தான். பிறகு எடுத்துச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சம்பந்தம் ஒன்றும் இல்லை, சொல்லத் தோன்றியது.

என்னை நிறுத்தியது வேறொன்று. கிளான் என்ற சொல்லுக்கு கேலிக்கில் 'பிள்ளைகள்' என்று அர்த்தம். எல்லாரும் ஒரே ரத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தலைவனின் நிலத்தில் உழுதவன், அவனோடு சண்டைக்குப் போனவன், வேறு குலத்துக்குப் பயந்து அடைக்கலம் வந்தவன் எல்லாரும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1746-ல் கல்லோடன் போர் நடந்தது. மன்றோக்கள் அப்போது அரசாங்கத்தின் பக்கம். போர் முடிந்ததும் குலத்தலைவர்களின் அதிகாரத்தைச் சட்டம் போட்டு ஒடுக்கினார்கள். நிலம் கிடைக்காத இளைய பிள்ளைகள் பட்டாளத்துக்கும் கம்பெனி வேலைக்கும் கிளம்பினார்கள். நம் சரித்திரப் புத்தகத்தில் இத்தனை ஸ்காட்லாந்துப் பெயர்கள் வந்தது அப்படித்தான். ஊரில் மிச்சமிருந்த குடியானவர்களை ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள். 1792-ல் அந்த ஜில்லா ஜனங்கள் சேர்ந்து ஆட்டு மந்தைகளையே ஊரைவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. பிள்ளைகள் என்று பெயர் வைத்துவிட்டு ஆட்டுக்காகத் துரத்துவது என்ன நியாயமோ!

இதையெல்லாம் எழுதி அவனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது.

"டீச்சர், பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. 21 நாளைக்குள்ள பதியணும். சர்நேம் என்ன போடன்னு தெரியல."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் அவன் இனிஷியலைப் போட்டவள் நான்.

1989 ஜூன். முந்தலுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மலையில் ஏலக்காய்ப் பழம் எடுக்கப் போகும் ஒரு பாட்டி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மகள் இறந்துவிட்டாள். சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தை பெயர்' கட்டம்.

"அப்பா பேர் என்னம்மா?"

"அந்தப் பேரை இந்த வாயால சொல்ல மாட்டேன் டீச்சர். எம் பேரை எழுதுங்க. நாந்தான வளக்குறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா." யாரையும் கேட்கக்கூட இல்லை, நானாகவே சொன்னேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, ஆண் பெயர்தான் வர வேண்டும் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செத்துப்போன தன் புருஷன் பெயரைச் சொன்னாள். எழுதினேன். அவள் கட்டை விரலை மையில் ஒற்றி வாங்கினேன். ஏலக்காய்க் கறை, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. தாத்தாவே தகப்பனாகிவிட்டார். அந்த இனிஷியல்தான் மாற்றுச் சான்றிதழிலும், மார்க் ஷீட்டிலும், கடைசியில் பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகவும் போய் ஏறியது. அங்கே ஆபீஸில் அவனை அந்தத் தாத்தா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அவன் அவரைப் பார்த்ததே கிடையாது.

"நான் அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்யா" என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

"அதுக்காகக் கேக்கல டீச்சர். இங்க எந்த சர்நேம் வேணாலும் வைக்கலாமாம். நீங்க எழுதுன மன்றோ கதையை ரெண்டு மூணு தடவை படிச்சேன். ரத்தமே இல்லாதவன் எல்லாம் அந்தப் பேரை வச்சிருக்கான். நான் எங்க பாட்டி பேரை வைக்கலாம்ல? ஒரு சந்தேகம். எங்க பாட்டி பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?"

அவள் பெயரை யார் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தார்கள்? மறுநாள் காலையில் மூட்டுவலியோடு ஆட்டோ பிடித்துப் போனேன். பாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் தங்கை மகள் வீட்டில் பழைய தகர டப்பாவில் ரெண்டு தாள் கிடைத்தது. எஸ்டேட் சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி, வாக்காளர் அடையாள அட்டையில் வேறு மாதிரி எழுத்து. ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அவன் வாக்காளர் அட்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டேன்.

"அதுல ஒரு எழுத்துக் கம்மி டீச்சர். இவனுங்க வாயில நுழையணும்ல."