மண்ணுக்கு செமஸ்டர் கிடையாது!

வெப்சைட் ஒரு நிமிஷம் சுத்தினாலே கடுப்பாகுற பார்ட்டியா நீங்க? நானும்தான். ஆனா, எங்க தாத்தா வேற டைப். காவிரித் தண்ணி நம்ம வயலுக்கும் வரும்னு ஆயுசு முழுக்கக் காத்திருந்தார். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு எங்க புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூர்ல 2021 பிப்ரவரி 21-லதான் அடிக்கல் நட்டாங்க. மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரைக்கும் 262 கிலோமீட்டர் கால்வாய். அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. தண்ணியும் இன்னும் எங்க வயலை எட்டலை.

அப்பா சும்மா உட்காரலை. கோடையில கண்மாய் வத்தினதும் கரம்பை மண்ணை அள்ளிட்டு வந்து, எங்க செம்மண் வயல்ல வருஷத்துக்குக் கொஞ்சமாப் பரப்புவார். ஏழு வருஷமாச்சு, பாதி வயல்தான் முடிஞ்சிருக்கு. "பேசாம வித்துடலாம்ப்பா"ன்னு ஒருநாள் கடுப்புல சொல்லிட்டேன். அப்பா திட்டலை. "மண்ணுக்கு செமஸ்டர் கிடையாதுடா"ன்னார், அவ்ளோதான்.

போன வருஷம் கடலை பூக்கிற நேரத்துல மழை ஏமாத்திடுச்சு. ஒரு பாதி வாடிப் போச்சு. கரம்பை போட்ட பாதி தாக்குப்பிடிச்சு நின்னுச்சு. களிமண் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்னு புக்ல படிச்சு மார்க் வாங்கினவன் நான். எனக்கு அது புரிஞ்சது அன்னிக்குத்தான்.

இந்த லீவுக்கு நானும் கூடை தூக்கப் போறேன். கால்வாய் வர்றப்ப வரட்டும் பாஸ்... அதுக்குள்ள வயல் ரெடியா இருக்கணும்ல!