சுவருக்குள் இடித்த உலக்கை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாகச் செல்லும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். ஒரு காலத்தில் இங்கே முற்றமும் மாமரமும் உள்ள வீடுகள் நிறைய இருந்தன. வடக்கு கிழக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் பெருகப் பெருக, அந்தக் காணிகளில் தொடர்மாடிகள் எழுந்தன. ஊரில் வேலிக்கு மேலால் கதைத்த பெண்கள், இங்கே ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகக் குடியிருக்கிறார்கள்.

2018 ஆம் ஆண்டு ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று, அக்காவின் நான்காம் மாடி வீட்டில் மூன்று கிழமை தங்கினேன். பகல் முழுவதும் பஸ் இரைச்சல், கடலோர ரயில், பாண் ஓட்டோவின் இசை. இரவு எல்லாம் அடங்கிய பிறகு ஒரு சத்தம் வரும். “டொம்” என்று உலக்கை போட்டதுபோல் ஓர் இடி. தொடர்ந்து சிறிதாக இரண்டு மூன்று.

“மேல் வீட்டு அம்மாதான். நடுச்சாமத்தில மா இடிக்கிறா எண்டு எல்லாரும் சொல்லினம்” என்றாள் அக்கா. ஐந்தாம் மாடியில் இருந்த அந்த அம்மா தனியாக வாழ்பவர். பிள்ளைகள் கனடாவில். அவரைப் பற்றி முறைப்பாடு எழுதவும் சிலர் ஆயத்தமாக இருந்தார்கள்.

எனக்கு அது பொருந்தவில்லை. மா இடிப்பவர் ஒரே இடியோடு நிறுத்துவாரா? மூன்று இரவு விழித்திருந்து நேரத்தைக் குறித்தேன். இரவு பத்தரைக்குப் பிறகு ஒரு தடவை, விடியப்புறம் நாலரைக்குப் பிறகு ஒரு தடவை. எல்லோரும் குளித்து, சமைத்து, நீரைச் செலவழிக்கும் வேளைகளை ஒட்டியே சத்தம் வந்தது.

அக்காவையும் அழைத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா எங்களை இருத்தித் தேநீர் தந்தார். சத்தத்தைப் பற்றிக் கேட்டதும், “என்ன பிள்ளை, அது கீழயிருந்தெல்லோ வருது! நீங்கள்தான் ஏதோ இடிக்கிறியள் எண்டு நான் நினைச்சன்” என்றார்.

அடுத்துக் காவலாளியிடம் சென்றோம். அக்கா சிங்களத்தில் விசாரித்தாள். நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு நீர் ஏற்றும் பம்பி தானாகவே இயங்கி, தாங்கி நிரம்பியதும் தானாகவே நிற்கும் என்றார். பகலில் அதை ஒரு தடவை இயக்கி நிறுத்தும்படி கேட்டோம். அக்கா கீழே நின்றாள். நான் ஐந்தாம் மாடி நடையில் குழாயைப் பிடித்தபடி நின்றேன். பம்பி நின்ற கணமே குழாய் உதறிச் சுவரில் மோதியது. அதே “டொம்”! குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டி கழன்றிருந்தது. பழஞ்சேலைத் துண்டொன்றை மடித்து இடையில் செருகி மறுபடி இயக்கச் சொன்னேன். சத்தம் பாதியாகக் குறைந்தது.

இதை நீர்ச் சம்மட்டி என்பார்கள். பம்பி நின்றதும் மேலே ஏறிய நீர் திரும்பி இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் வால்வு தேய்ந்திருந்தால், சற்றுப் பிந்தியே அறைந்து மூடும். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் சடுதியாக நிறுத்தினால், வளிமண்டல அமுக்கத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அமுக்கம் எழலாம். ரஷ்ய அறிஞர் சுக்கோவ்ஸ்கி மொஸ்கோ நகர நீர்க் குழாய்களில் இதை ஆராய்ந்து 1898 இல் விளக்கினார். அந்த அதிர்வு கொங்கிறீற்றுக்குள் காற்றில் செல்வதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். அதனால்தான் கீழே இருப்பவருக்கு மேலேயும், மேலே இருப்பவருக்குக் கீழேயும் கேட்கிறது. பகலில் வந்த இடிகள் தெரு இரைச்சலில் அமிழ்ந்துவிட்டன.

தொடர்மாடி வீட்டுரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, எல்லோருக்கும் பொதுவான குழாய்களைப் பேணுவது வீட்டுரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அக்கா அங்கே அறிவித்தாள். பைப் பாஸ் வந்து வால்வை மாற்றி, பட்டிகளுக்குள் இறப்பர் வைத்து இறுக்கினார். ஒரு பகல் வேலை.

உங்கள் மாடியிலும் இப்படிச் சத்தம் கேட்டால் நேரத்தைக் குறியுங்கள். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் கேளுங்கள். பம்பியை நிறுத்திப் பாருங்கள். முறைப்பாட்டை அதற்குப் பிறகு எழுதலாம்.

செய்தி சொல்ல நாங்கள் மேலே போனபோது அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “மூண்டு மாசமா லிப்ட்டில ஒருத்தரும் என்னோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை, பிள்ளை. ஏனெண்டு இப்பதான் விளங்குது.”