விரல் நுனியின் சாட்சி

2023-இல் நியூஜெர்சியில் அக்கா வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அக்காவின் மேற்கையில், தோலுக்கடியில், மாத்திரையளவு உணர்கருவி ஒன்றை மருத்துவர் வைத்திருந்தார். 180 நாள் உழைக்கும் வகை. 2022-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரின் சர்க்கரையை ஒளிர்வைக் கொண்டு அது கணிக்கிறது. இரத்தத்தை அது அறியாது. ஆகவே முதல் 21 நாள் தினம் இருமுறையும், பின்னர் ஒருமுறையும், விரலைக் குத்தி, வந்த அளவை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும் வேளையில் சொல்லலாகாது. கை கழுவியிருக்க வேண்டும்.

ஒரு மாலை, செபமாலைக்கு முன், அக்கா ஆரஞ்சு உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினாள். 168 என்று வந்தது. அதையே பதிந்தாள்.

நள்ளிரவில் வியர்த்து நடுங்கியபடி என்னை எழுப்பினாள். 70-க்குக் கீழே எச்சரிக்க வேண்டிய கருவி, 92 என்று காட்டி மௌனமாயிருந்தது. கையைக் கழுவித் துடைத்துக் குத்திப் பார்த்தோம்: 56. மூன்று கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தேன். நடுக்கம் தணியும்வரை கருவியை வாயாரத் திட்டினேன்.

“அதைத் திட்டாதே, தம்பி. நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே அது சொல்கிறது?”

எனக்கு உறக்கம் வரவில்லை. புதுநன்மைக்காகச் சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே பாவப் பட்டியலைத்தான் இன்றும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒப்பிக்கிறேன். சுவாமியும் நம்பி, பாவமன்னிப்பு அளித்து அனுப்புகிறார்.

விடிந்ததும் குழாயடியில் சோப்பு நுரையோடு அக்கா நெடுநேரம் நின்றிருந்தாள்.