யார் மேல தப்பு?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். பல வருஷம் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, விடியற்காலையில் நடத்திக்கொண்டு போவது அவர் வேலை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் ரோட்டில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். அப்பா பிடித்திருந்த குதிரை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வேலியில் மோதிக் காலில் அடிபட்டது. "உன் தப்புதான்" என்று அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அப்பா பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்! "நீங்க கெட்டியாப் பிடிச்சிருக்கணும்பா" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

போன வருஷம் லைப்ரரியில் குதிரைப் பந்தயம் பற்றிப் படித்த இரண்டு சம்பவங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

1956 மார்ச் 24. இங்கிலாந்தின் ஏன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் பந்தயம். சுமார் நாலரை மைல் ஓட்டம், 30 தடைகள். ராஜமாதாவின் குதிரை டெவன் லாக், ஜாக்கி டிக் பிரான்சிஸ். எல்லாத் தடைகளையும் தாண்டியாச்சு, முன்னால் ஒரு குதிரையும் இல்லை. இன்னும் சுமார் 50 கெஜம்தான்... திடீரென்று காலைப் பரப்பி வயிறு தரையில்பட விழுந்தது குதிரை! பின்னால் வந்த ஈ.எஸ்.பி. ஜெயித்தது. தசைப்பிடிப்பா, கூட்டத்தின் சத்தமா, நிழலைத் தடை என்று நினைத்துத் தாண்டப் பார்த்ததா? இன்றுவரை முடிவாகவில்லை.

அடுத்த வருஷம், 1957. அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி. காலன்ட் மேன் குதிரையில் பில் ஷூமேக்கர். முடிவுக்கோட்டுக்கு 110 கெஜம் முன்னால் இருந்த கம்பத்தையே முடிவு என்று நினைத்து அங்கவடியில் எழுந்து நின்றுவிட்டார். ஒரே நொடி! சட்டென்று உட்கார்ந்து விரட்டியும், மூக்களவில் அயர்ன் லீஜ் ஜெயித்தது. நடுவர்கள் அவருக்கு 15 நாள் தடை போட்டார்கள்.

இரண்டு பேரும் கையில் வந்த வெற்றியை விட்டவர்கள்தான். ஆனால் "அந்த நேரத்தில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிரான்சிஸால் ஒன்றும் முடியாது. அது விபத்து. ஷூமேக்கர் செய்தது தவறு. அதற்கும் அளவான தண்டனைதான். சில வாரத்தில் அதே குதிரையில் பெல்மான்ட் பந்தயத்தை 8 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். 1986இல், 54 வயதில், நான்காவது டெர்பியும் அவருக்குக் கிடைத்தது.

முதல் வருஷம் ஒர்க் ஷாப்பில் 25 மி.மீ. வரவேண்டிய என் ஜாப் 24.5 ஆகிவிட்டது. "லேத் ஆடுது சார்" என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் டயலைத் தப்பாகப் படித்தவன் நான். என் தவறை விபத்து ஆக்கினேன். அப்பாவின் விபத்தைத் தவறு ஆக்கினேன்!

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன்: "கயிறு எப்படிப்பா அறுந்துச்சு?"

"நஞ்ச கயிறுப்பா. புதுசு வாங்கித் தாங்கன்னு ரெண்டு வாரமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"ஏம்பா சொல்லல?"

"யாரும் கேக்கலியே!"

நண்பர்களே, நாளைக்கு நாமும் சூப்பர்வைசர் ஆவோம். நமக்குக் கீழே ஒருவர் கையிலிருந்து ஏதாவது நழுவும். தீர்ப்புச் சொல்லும் முன் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்போம்.

லேத் விஷயத்தை ஒர்க் ஷாப் சாரிடம் மறுநாளே சொல்லிவிட்டேன். திட்டினார். இன்னொரு ராடும் கொடுத்தார்.