பழைய இரும்பு

ஏப்ரல் 7

கத்தரிப் பாத்தி வாடிக் கிடக்கிறது. தண்ணி மெசின் இரண்டு நாளாக இழுக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனேன். கராச்சுத் தம்பி மேசையில் பிரித்துப் பரப்பிவிட்டு, “ஐயா, இதுக்குப் புதுச் சாமான் வராது. இதே மாதிரிப் பழசு ஒண்டு கிடைச்சால் கழட்டிப் போடலாம்” என்றான்.

திரும்பும் வழியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் கண்ணில் பட்டன. நாளை மறுநாள் ஏப்ரல் 9.

ஏப்ரல் 8

1942இல் இதே இரவு, ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. துணைக்குப் போனது ‘வாம்பயர்’ என்ற ஒரேயொரு ஆஸ்திரேலிய நாசகாரி. 1917இல் கடலில் இறங்கிய கிழவி அது.

முதலாம் உலகப்போர்க் காலத்து வி, டபிள்யூ வகுப்புகளில் அறுபதுக்கு மேற்பட்ட நாசகாரிகளைப் பிரித்தானியா கட்டியது. வாம்பயர், வென்டெட்டா, வோயேஜர், வாட்டர்ஹென் ஆகிய நான்கும் அந்தக் குடும்பம். தலைமைக் கப்பல் ஸ்டூவர்ட் மட்டும் வேறு வகுப்பு. ஐந்தும் 1933இல் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. இரண்டாம் போரில் மத்தியதரைக் கடலுக்கு வந்தபோது ஜேர்மன் பிரசாரம் அவற்றைப் பழைய இரும்பு என்று எள்ளியது. கப்பற்காரர்கள் அந்த வசவையே அணியின் பெயராக்கிக்கொண்டார்கள்.

பிரித்தானியாவிடம் இருந்த அதே குடும்பக் கப்பல்கள் சிலவற்றில் ஒரு கொதிகலனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எண்ணெய் நிரப்பினார்கள். வேகம் குறைந்தது, வணிகக் கப்பல்களுக்குக் காவலாகத் தூரக் கடல் போக முடிந்தது. கழற்றத் தெரிந்தவனிடம் பழசுக்கும் புது வேலை உண்டு.

ஏப்ரல் 9

அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்தது. பிறகு மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸையும் வாம்பயரையும் கண்டுபிடித்து மூழ்கடித்தன. ஹெர்மிஸில் முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

வென்டெட்டாவின் கதைதான் இன்று மனதை விட்டுப் போகவில்லை. யப்பான் போரில் இறங்கியபோது அது சிங்கப்பூரில் பழுதுபார்ப்பில், சொந்தமாக ஓட முடியாமல் கிடந்தது. 1942 பெப்ரவரியில் கயிறு கட்டி இழுத்தே வெளியேற்றினார்கள். வாம்பயர் மூழ்கிய அதே ஏப்ரலில் அது மெல்பேர்ண் சேர்ந்தது. பழுது தீர்ந்து 1945வரை உழைத்தது.

ஏப்ரல் 11

தம்பி பழைய இரும்புக் கடையில் என் மெசினின் கூடப்பிறந்ததைக் கண்டுபிடித்துவிட்டான். அதன் உறுப்பைப் பூட்டியதும் தண்ணீர் பாய்ந்தது.

புதிது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழசை உடனே நிறுத்து விற்றுவிடாதீர்கள். யாரோ ஒருவருடைய பாத்தி அதற்காகக் காத்திருக்கும்.