எம்பெக்கே மண்டபத்து அன்னங்கள்

முதுகுப்பையுடன் இலங்கையைச் சுற்றிவரும் இளந்தம்பதியர் கண்டி நகருக்குப் பெரும்பாலும் இரண்டு இரவுகளையே ஒதுக்குகின்றனர். தலதா மாளிகையின் மாலைப் பூசை, இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த ஏரியைச் சுற்றி ஒரு நடை, பேராதனைப் பூங்காவில் ஒரு முற்பகல் என்று அந்நேரம் கழிந்து, மூன்றாம் நாள் அவர்கள் எல்ல நோக்கி ரயில் ஏறிவிடுகின்றனர். 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட புனித நகரமும், அதை நெருக்கிக்கொண்டிருக்கும் பஸ் நிலையமும் கடைத்தெருவும் பயணிகளின் கவனம் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், நகருக்குத் தென்மேற்கே உடுநுவரைக் குன்றுகளில் உள்ள மூன்று கோயில்களை நேரம் மிஞ்சியவர்களே சென்று காண்கின்றனர். அவ்வாறு செல்வோரும் ஒரு முச்சக்கரவண்டியில் அரைநாளில் மூன்றையும் பார்த்து முடித்துத் திரும்பிவிடுகின்றனர்.

இதே நிலப்பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு தம்பதியர் பயணம் செய்தனர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அவருடைய மனைவி எத்தலும் 1903ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர்; கனிமவள ஆய்வுப் பணியின் பொருட்டு அவர் ஊர் ஊராகச் செல்ல, எத்தல் உடன் சென்று புகைப்படங்கள் எடுத்ததோடு மலைநாட்டுப் பூத்தையல் முறைகளையும் ஆராய்ந்தார். கல்லைத் தேடி வந்தவரின் கண் கைவினைஞர்களின் பக்கம் திரும்பியதன் விளைவாக, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908ஆம் ஆண்டில் 425 படிகள் மட்டுமே கொண்ட பதிப்பாக வெளிவந்தது. அரண்மனைகளின் பெருமையைப் பேசுவதைவிடத் தச்சரும் கொல்லரும் ஓவியரும் எவ்வாறு வேலை செய்தனர், அவ்வேலைக்கு ஈடாக எந்த நிலத்தை உழுது உண்டனர் என்பதை விளக்குவதில் அந்நூல் மிகுந்த அக்கறை காட்டுகிறது. அந்த அக்கறையின் முழுப் பொருளையும் உணரத்தக்க இடம், உடுநுவரையின் அம்மூன்று கோயில்களுள் ஒன்றான எம்பெக்கே தேவாலயம்.

மூன்று கோயில்களுள் கடலாதெனியவும் லங்காதிலகவும் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கம்பளை அரசர் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், எழுந்தவை. லங்காதிலகக் கோயில் நிற்கும் பாறையில் சிங்களக் கல்வெட்டுடன் சக ஆண்டு 1266, அதாவது கி.பி. 1344 எனக் காலம் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. எம்பெக்கேயின் காலம் இவ்வளவு தெளிவானதன்று. கதிர்காமத் தெய்வத்துக்குரிய அத்தேவாலயத்தை மூன்றாம் விக்கிரமபாகுவின் ஆட்சியில் எழுந்ததாகக் கூறும் மரபு, ஆண்டுதோறும் கதிர்காமம் சென்று வழிபட்ட ஒரு மேளக்காரர் முதுமையால் நடக்க இயலாமற்போனபோது தெய்வமே அவரைத் தேடி இவ்வூருக்கு வந்ததாகவும் சொல்கிறது. மண்டபத்துத் தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை என்பது மற்றொரு செவிவழிச் செய்தி. செதுக்கங்களின் பாணியைக் கொண்டு அவற்றைப் பிற்காலக் கண்டி அரசுக்கு உரியவையாகக் கருதுவோரும் உளர். மழை மிகுந்த மலைநாட்டில், சுவரில்லாத மண்டபத்தில், பழுதுபட்ட மரத்தை மாற்றிப் புதியதைப் பழைய முறையிலேயே செதுக்கி வைப்பது தச்சரின் வழக்கமாகையால், இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை ஆகமாட்டா. மரத்தின் வயது எதுவாயினும், கைமரபு தொடர்ந்தது என்பதே வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

கருவறைக்கு முன்னே திறந்து நிற்கும் ஹேவிசி மண்டபம், அதாவது மேளம் முழக்குவோருக்கான மண்டபம், 32 மரத்தூண்களைக் கொண்டது. தூணின் அமைப்பு தமிழ்நாட்டுக் கோயில்களை அறிந்தோருக்குப் புதியதன்று: சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வர, உச்சியில் போதிகை நான்கு புறமும் பூமுனையாகத் தொங்குகிறது. சதுரப் பகுதிகளின் முகங்களில் மல்லர், ஆடல் மகளிர், குதிரைவீரன், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், விசயநகர அச்சுததேவராயரின் காசுகளிலும் காணப்படும் இருதலைப் பறவையாகிய கண்டபேரண்டம் ஆகியவை செதுக்கப்பட்டுள்ளன.

இவற்றுள் நின்று பார்க்கவேண்டியது ஹம்ச பூட்டுவ எனப்படும் அன்னப் பிணைப்பு. கழுத்துகள் பின்னிக்கொண்ட இரண்டு அன்னங்கள் ஒரு சிறிய சதுரத்தை முழுமையாக நிரப்புகின்றன. ஒரு பறவையின் உடலிலிருந்து புறப்படும் கழுத்தைக் கண்ணால் தொடர்ந்து சென்றால், அது மற்றதன் கழுத்துக்கு மேலாகவும் கீழாகவும் புகுந்து, புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்தின் இழையைப்போல எங்கும் அறுபடாமல் தன் தலையை அடைகிறது. மேலே செல்லும் வளைவு சற்று உயர்ந்தும் கீழே செல்வது சற்றுத் தாழ்ந்தும் இருக்குமாறு மரத்தில் மிகக் குறைந்த ஆழமே வெட்டப்பட்டிருப்பினும், பார்ப்பவருக்கு ஒன்றின் பின்னால் மற்றொன்று இருப்பது ஐயமின்றித் தோன்றுகிறது. இத்தோற்றத்தைத் தாங்குவது வளைவுகளின் விளிம்பில் விழும் மெல்லிய நிழல். விளிம்பு மழுங்கினால் நிழல் மறையும். நிழல் மறைந்தால் பின்னல் அவிழ்ந்து வெறும் கோடுகளாகும். ஆகவே இங்கே காக்கப்பட வேண்டியது மரம் மட்டுமன்று, அம்மரத்தின் மேல் உளி விட்டுச் சென்ற கூர்மையும் ஆகும்.

அக்கூர்மைதான் நாள்தோறும் தேய்கிறது. வருவோர் தூணைத் தடவுவதும், அதன்மேல் சாய்ந்து படமெடுப்பதும், சாரல் வீசும் பருவங்களில் அடிமரம் ஈரத்தை உறிஞ்சுவதும் தனித்தனியே சிறியவை. பல தலைமுறைகளின் கூட்டாக அவை ஒரு முகத்தையே அழிக்கவல்லவை. புறக்கணிப்பைவிடக் கொடியது அறியாத சீரமைப்பு. மலைநாட்டுக் கோயில்கள் பலவற்றில் மண் ஓடு இருந்த இடத்தில் தகரமும், சுண்ணச் சாந்து இருந்த இடத்தில் சீமெந்தும், பழைய ஓவியத்தின் மேல் பளபளக்கும் எண்ணெய் வண்ணமும் ஏறியிருப்பதை எவரும் காணலாம். சுண்ணச் சாந்து ஈரத்தை வெளியேறவிடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துச் சுவரை அழுகச் செய்யும். மரத்தின்மேல் தடிப்பாகப் பூசப்படும் மெருகெண்ணெயும் செதுக்கத்தின் பள்ளங்களை நிரப்பி, உளிக்கோட்டைக் குருடாக்கிவிடும். இவ்வாறு அழிந்ததை எந்த நிதியாலும் மீட்க இயலாது என்பதை உணராமல், ‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் அதற்கு நன்கொடை திரட்டுவது வருந்தத்தக்கது.

இக்குற்றச்சாட்டு புதியதன்று. 1905ஆம் ஆண்டிலேயே குமாரசுவாமி கண்டித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, பழைய கட்டடங்கள் கவனிப்பின்றியும் தவறான திருத்தங்களாலும் சீரழிவதைச் சுட்டிக்காட்டினார். அவர் அம்மடலைத் தலைவர்களை நோக்கி எழுதியதில் தெளிவான காரணம் உண்டு. தேவாலயங்களின் சொத்தும் பராமரிப்பும் பஸ்நாயக்க நிலமே எனப்படும் பொறுப்பாளர்களின் கையில் இருந்தன. கோயில் நிலத்தை அனுபவித்து அதற்கு ஈடாகத் தச்சும் ஓவியமும் செய்துகொடுத்த குடிகள் அவர்களின் ஆணைக்குக் காத்திருந்தனர். அந்த ஏற்பாடு தளர்ந்ததும், பழையதை அதன் முறைப்படியே திருத்தத் தெரிந்த கையும் தளர்ந்தது.

எம்பெக்கே சுற்றுவட்டத்தில் மரச்செதுக்கர் இன்றும் உளர். ஆனால் அவர்களின் உழைப்பு பயணிகளுக்கு விற்கும் யானைகளிலும் முகமூடிகளிலும் செலவாகிறது. அவர்களுள் தேர்ந்தவர்களைத் தொல்லியல் வல்லுநர்களின் மேற்பார்வையில் மண்டபத்தின் நிலையான பராமரிப்பாளர்களாக அமர்த்துவதும், தூண்களைத் தொடாதபடி ஒரு தாழ்ந்த மரத்தடுப்பு வைப்பதும், ஒவ்வொரு செதுக்கத்தையும் அளந்து படமெடுத்து ஆவணப்படுத்துவதும் பெருஞ்செலவு வேண்டாத பணிகள். இவற்றை முதலில் செய்தபின்னரே அங்கே வேறு எந்தக் கட்டுமானத்தையும் அனுமதிக்க வேண்டும். இரண்டே நாள் தங்கும் பயணிகளும் மூன்று கோயில்களை ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக, அந்த அரைநாளை இந்த ஒரு மண்டபத்துக்கே அளிப்பது நல்லது. 32 தூண்களை ஒழுங்காகப் பார்ப்பதற்கு அதுவும் குறைந்த நேரமே.